மூன்று-ஏ

செந்தூல். பி பிளாக். இரவு ஒன்பது இருபது.
லிஃப்ட் நின்றுவிட்டது.
உள்ளே மிஸ்டர் குவா,
கையில் சூடான சார் குவே தியோ பொட்டலம்.
வெளியே நான், டார்ச் லைட், ஒரு திறவுகோல்.
உச்சியில் மோட்டார் அறையில் ஹஸ்னி.

கதவிடுக்கில் குரல் வருகிறது:
எந்த மாடியில் இருக்கிறேன்?

மூன்று-ஏக்கும் ஐந்துக்கும் நடுவில் என்றேன்.

இந்தக் கட்டடத்தில் நான்கு கிடையாது.
காண்டோனீஸில் அதைச் சொன்னால் சாவு மாதிரி கேட்கும்.
பொத்தானில் பெயரை மாற்றினார்கள்.
மூன்றிலிருந்து ஒரு மாடி ஏறுகிறவன்
இன்னமும் அங்கேதான் போய் நிற்கிறான்.

மலாயாப் பல்கலையில் இரண்டு வருடம் கணிதம் படித்தேன்.
மூன்றாம் வருடக் கட்டணம் என்னைக் கழித்துவிட்டது.
அதனால் பொத்தான் பலகையில்
எனக்கு வேறு ஏதோ தெரியும்.
விரல் மடக்கி எண்ணுகிறவர்களின் இயல் எண்கள்,
அவற்றுக்குக் கீழே ஜி என்கிற பூஜ்ஜியம்
(அதைக் குடும்பத்தில் சேர்ப்பதா என்று
விரிவுரையாளர்களே சண்டை போட்டார்கள்).
மூன்றாம் மாடிக்காரன் ஐந்து மாடி
இறங்கவேண்டி வந்த நாளில் தரையைத் தோண்டினார்கள்:
பி-1, பி-2, கார்கள், ஈரம், கழித்தல் குறி.
விடையில்லாத ஒரு கணக்குக்காகக்
கட்டடம் நீள்கிறது,
பழைய மாடி எதையும் இடிக்காமல்.

மிஸ்டர் குவாவுக்கு இது எதுவும் வேண்டாம்.
நடுவில் என்றால் எவ்வளவு நடுவில்?

டேப் பிடித்தேன். முக்கால்.
இல்லை, முக்காலே மாகாணி.
அதற்கும் ஒரு முந்திரி மேலே.
எந்த இரண்டு பின்னத்துக்கு நடுவிலும்
இன்னொரு பின்னம் இடம் கேட்கிறது,
காலை நேர எல்ஆர்டியில் போல.
அத்தனை நெரிசலிலும் ஓட்டை இருக்கிறது.
லிஃப்ட் தரையில் பதித்த சதுரக் கல்,
பக்கம் ஓர் அடி.
மூலைக்கு மூலை அளந்தால்
எந்தப் பின்னத்துக்கும் அகப்படாது.

அது ஏதோ விதிவிலக்கு என்று நினைத்திருந்தேன்.
பின்னங்களை வரிசையில் நிறுத்தி டோக்கன் கொடுக்கலாம்,
ஒன்று, இரண்டு என, ஒருவரும் விட்டுப்போகாமல்.
இவற்றுக்கு டோக்கன் போதாது.
எண்ண முடியாதவை.
தமிழில் அதற்கு
நினைக்க முடியாதவை என்றும் பொருள்.
மலாயும் ஆங்கிலமுமாக நடந்த அந்த வகுப்பில்
எனக்கு மட்டும் இரண்டு தடவை கேட்டது.

ஹஸ்னி பிரேக்கைக் கையால் தளர்த்தினான்.
ஓர் ஆளும் ஒரு பொட்டலமும்தானே,
எதிரெடைதான் கனம்.
அது இறங்க இறங்க, கூண்டு ஏறியது,
மெல்ல, ஒரு புள்ளியையும் தாண்டிக் குதிக்காமல்.
இருபத்துநான்கின் வர்க்கமூலத்தைக் கடந்தது.
கடந்தபோது மணி எதுவும் அடிக்கவில்லை.
இதை மெய்யெண் என்கிறார்கள்.
மெய் என்றால் உடம்பும்தான்:
வியர்த்த சட்டை, தொந்தி, மூக்குக் கண்ணாடி
எல்லாமும் அதன் வழியாகவே போயின.

ஐந்தில் கதவு திறந்தது.
மிஸ்டர் குவா நன்றி சொல்லாமல்
இடப்பக்கம் திரும்பி நடந்தார். சரியான செங்கோணம்.
மேலும் கீழுமாய்ப் பத்து வருடம் வேலை பார்க்கிறேன்.
இந்தத் திருப்பத்துக்குத்தான்
கற்பனை எண் என்று பெயர் சொன்னார்கள்.
ஆனால் லிஃப்ட் குழியில் யார் குடியிருக்கிறார்கள்?
பி-5-11. ஐந்து மேலே, பதினொன்று பக்கவாட்டில்.
அந்தக் கற்பனையில் யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள்.
செருப்புகள் கிடக்கின்றன. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல்.

படிவத்தில் 'நின்ற மாடி' என்று ஒரு கட்டம்.
இரண்டு இலக்கம்தான் கொள்ளும்.
பேனாவோடு நிற்கிறேன்.
ஹஸ்னி இறங்கி வந்து எட்டிப் பார்க்கிறான்.
நாலு என்று மட்டும் போட்டுவிடாதே லோஷினி,
மேனேஜ்மெண்ட் திட்டும்.